மெதுவாகப் பேசிய வாரம்

நன்றாக வாழ்வது எப்படி என்று சொல்லித்தர இப்போது ஆளுக்குப் பஞ்சமில்லை. போனைத் திறந்தால் போதும். என்னைப் பிடித்துக்கொண்டவர் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். வீட்டில் மெதுவாகப் பேசினால் வாழ்க்கை தானாக அழகாகிவிடுமாம். அவர் காசிமேட்டில் பிறந்தவரில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

நான் அந்த மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவள். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து விற்றவர். அந்தக் கூட்டத்தில் குரல் எழும்பாதவளுக்குக் கூடை நிறையாது. நகைநட்டு எதுவும் வைக்காமல் தன் தொண்டையை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வாய்த்த வீட்டுக்காரரோ விசைப்படகு டிரைவர். என்ஜின் பக்கத்திலேயே இருந்து இருந்து காது பாதி மந்தம். எங்களுக்குப் பொருத்தம் பார்த்தவர் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

காசிமேட்டில் இருந்தவரை வம்பில்லை. திருவொற்றியூரில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு, கீழ்வீட்டு அம்மா ஒருநாள் படியில் நிறுத்தி, "தப்பா நினைக்காதீங்க, நேத்து வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். இன்னொரு துண்டு வஞ்சிரம் வைக்கட்டுமா என்றுதான் முந்தின நாள் நான் வீட்டுக்காரரைக் கேட்டிருந்தேன். எனக்கு மானம் போயிற்று. அன்றே வெள்ளைச் சட்டைக்காரர் பேச்சைக் கேட்டுக் குரலை இறக்கினேன்.

வீட்டுக்காரர் கடலிலிருந்து திரும்பி வீட்டில் இருந்த வாரம் அது. சோறு போட்டுவிட்டு, "சாப்பிடுங்க" என்றேன். குரலை இறக்கியதும் மரியாதையும் கூடவே வந்துவிட்டது. அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கூடத்தில் கழற்றிப் போட்ட லுங்கியை நான் வாய் திறக்காமல் மடித்து வைத்தேன். மறுநாள் அவரே மடித்தார். அட, பலிக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர் மறுபடி கடலுக்குப் புறப்பட வேண்டிய நாளில், பை நிறைய நண்டோடு என் அக்கா வந்து நின்றாள். வந்தவள் என் தலையைத் தடவினாள். அக்கா என் தலையில் குட்டியதுண்டு, தடவியதே இல்லை. பிறகு வீட்டுக்காரரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அக்காவின் ரகசியம் தெருமுனை வரை கேட்கும். அன்று ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. எங்கள் அண்ணன் அப்போது கடலுக்குப் போயிருந்தான்.

"அண்ணன் போட்டுக்கு இன்னா ஆச்சு? யாராவது வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று நான் போட்ட சத்தத்தில் பால்கனியில் இருந்த புறா பறந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "அவன் காலைலயே கரைக்கு வந்துட்டான். வூட்ல தூங்கினுகீறான். ஒனக்கு இன்னாடி? டாக்டர் இன்னா சொன்னாரு? மறைக்காம சொல்லு."

"எனக்கு இன்னா கேடு?"

எனக்கு ஏதோ பெரிய வியாதி, அதை மறைக்கிறேன் என்று வீட்டுக்காரர்தான் அவளுக்குப் போன் போட்டு வரவழைத்திருக்கிறார். நான் வெள்ளைச் சட்டைக்காரர் கதையைச் சொன்னேன். அக்கா சிரித்துவிட்டு, தடவிய இடத்திலேயே ஒரு குட்டு வைத்தாள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

"எங்கப்பா போன போட் கரைக்குத் திரும்பாத அன்னிக்கு, நான் ஸ்கூல் வுட்டு வரேன். தெருவே மெதுவா பேசிகினு இருந்துச்சி. சோத்தப் போட்டு, 'சாப்புடு கண்ணு'ன்னாங்க. அதுக்கு முன்ன யாரும் என்னாண்ட அப்டி பேசுனதில்ல" என்றார். "ஒரு வாரமா நீ அப்டியே பேசிகினுகீறே. ஒன்ன வுட்டு நான் எப்டி கடலுக்குப் போவேன்?"

அவருடைய அப்பா கடலில் போனது எனக்குத் தெரியும். அந்தச் சோற்றைப் பற்றி அவர் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமாகத்தான் அழுதேன்.

பையைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். நான் பால்கனிக்கு ஓடினேன். "யோவ், சுகர் மாத்திரய எடுத்துகினியா? கரைக்கு வந்தவொடனே போன் பண்ணு."

கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

கேட்டுக்கு வெளியே போனவர் நின்றார். திரும்பி, காதில் கையை வைத்துக்கொண்டு, "இன்னா?" என்றார். முதல் தடவையே கேட்டிருக்கும், எனக்குத் தெரியும். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.