வா என்று கேட்ட பாட்டு

எழுபதுகளின் கடைசியில், பிரான்சிலிருந்து லீவில் வந்த ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், புதுச்சேரியில் எங்கள் கருவடிக்குப்பம் வீட்டில் ஒரு எல்.பி. ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அனுப்பியவர் அத்தான். என் தாய்மாமன் மகன். அவரும் அதே பட்டாளத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அவர்தான் என்று இரு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். கடிதம் இருக்கும் என்று உறையைக் கவிழ்த்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. உறையின் பின்னால், கடைசிப் பாட்டுக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் மட்டும் இருந்தது.

ராக் பாட்டு. அத்தான் எங்களிடம் விட்டுப்போன ரெக்கார்டுப் பெட்டியில் போட்டேன். முதல் பாட்டுக்குத் தெருப் பையன்கள் ஜன்னலோரம் வந்து ஆடுவார்கள்; கடைசிப் பாட்டை யாரும் சீந்தவில்லை. கிடார் கொஞ்ச நேரம் தனியாக முனகும், பிறகு டிரம்ஸ் இடிக்கும், அதற்கு மேல் பாடுகிற ஆள் தொண்டை கிழிய ‘வா, வா’ என்று கத்திக்கொண்டே தேய்ந்துபோவான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டுமா என்ன? அத்தான் கூப்பிடுகிறார். மற்றதை நானே இட்டு நிரப்பினேன்: கிடார் அவருடைய தனிமை, டிரம்ஸ் நடுவில் கிடக்கும் கடல்.

“கூப்புடுறவன் ரெண்டு வரி எழுத மாட்டானாடி?” என்றாள் அம்மா. அவளுக்குத் தன் அண்ணன் வீட்டோடு எப்போதும் மனத்தாங்கல், அதனால்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் உறுத்தியது.

மாதா கோயிலுக்குப் பின்னால் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு தமிழம்மா இருந்தார். எல்லாரும் மதாம் என்போம். நான் கொண்டுபோன உறையில் அச்சாகியிருந்த அந்தப் பாட்டின் வரிகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நம்ம வா இல்ல பாப்பா. பிரெஞ்சுல வான்னா போ. எனக்காக நிக்காத, போன்னு பாடுறான்.”

மதாமுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள். பிரெஞ்சுச் சம்பளம் வாங்கும் மாப்பிள்ளை யாருக்குக் கசக்கும்? அவர் தந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நூலகத்தில் பிரெஞ்சு அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லே அதில் இல்லை. பொய்க்காரி என்று பல்லைக் கடித்தேன். வினைச்சொல்லை அதன் மூல உருவில் தேட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதன்பின் மதாம் எதிரே வந்தால் வேறு தெருவில் நடந்தேன். தேடி வந்த இரண்டு வரன்களையும், அத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

ரெக்கார்டு வந்த மூன்றாம் வருடம் அத்தான் லீவில் வந்தார். விரலில் மோதிரம். அங்கேயே கல்யாணம் ஆகிவிட்டதாம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“அந்தக் கடைசிப் பாட்டு...” என்றேன்.

“புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்,” என்றார் தரையைப் பார்த்து. “நேரா எழுத மனசு வரல.”

“எனக்குத் தமிழ்தானே தெரியும் அத்தான்?” என்றேன். “தமிழ்ல வான்னா, வா தானே?”