மில்கா அத்தையின் கடவுச்சொல்

எங்கள் பள்ளியின் கணினி அறைக்குள் தின்பண்டத்தோடு நுழைய முடியாது. போதகராக இருந்தாலும் தலைமையாசிரியராக இருந்தாலும் கையில் இருக்கும் பொகாச்சா ரொட்டியை வாசல் முக்காலியில் வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது ரொட்டி அங்கே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பெரும்பாலும் அதைத் தின்றிருப்பவள் மில்காதான்.

எமீலியா என்பது ஞானஸ்நானப் பெயர். எங்களுக்கு மில்கா, பிள்ளைகளுக்கு மில்கா அத்தை. ஆசிரியை யாராக இருந்தாலும் பிள்ளைகள் அத்தை என்றுதான் கூப்பிடும். பாட்டுச் சொல்லித்தரும் நானும் யூதித் அத்தைதான். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். மில்காவை முதுகுக்குப் பின்னாலும் அத்தை என்றே சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, சொல்லிவிடுகிறேன்.

அவள் தட்டச்சு ஆசிரியையாக வந்தவள். கம்யூனிஸ்ட் காலத்தில் அரசாங்கம் பிடுங்கி வைத்திருந்த பள்ளிக்கூடத்தை எங்கள் லுத்தரன் சபைக்குத் திருப்பிக் கொடுத்த புதிதில், ஜெர்மனியில் இருந்த ஏதோ ஒரு சபை பழைய கணினிகளை லாரியில் ஏற்றி அனுப்பியது. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. "பட்டன் இருக்குல்ல, மில்காகிட்ட குடுங்க" என்றார் அப்போதைய தலைமையாசிரியர். அவளுடைய நியமன உத்தரவு அவ்வளவுதான். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஓய்வு பெறும் வயது வந்த பிறகும் போகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள், தேனீ வளர்க்கிறாள், சைக்கிளில் வருகிறாள். இதைவிட நல்ல வாழ்க்கை எவருக்காவது இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டாள்.

பள்ளிக்கு இணையம் வந்தபோது பிள்ளைகளுக்கான விதிகளை அவள்தான் எழுதினாள். மற்றப் பள்ளிகளில் அது ஒரு புத்தகம் கனம் இருக்கும். மில்கா எழுதியது ஒரே பக்கம். ஆபாசம் பார்க்காதே, பிறர் எழுதியதைத் திருடாதே, பிறர் பெயரில் எழுதாதே, உன் கடவுச்சொல்லைக் கூடப் பிறந்தவருக்கும் கொடுக்காதே, நேரில் சொல்லக் கூசுவதைத் திரையிலும் சொல்லாதே. மீறினால் ஒரு மாதம் கணினியைத் தொடக் கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அதை அவளே வாசிப்பாள்; பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

கடவுச்சொல் விதியைத்தான் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாமல் திண்டாடினாள். வீட்டுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, எந்தத் தொட்டி என்று தெருவுக்கே சொல்லிவைக்கும் ஊர் இது. "ஒளிக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?" என்று பெற்றோர் சிரிப்பார்கள். மில்கா சிரிக்க மாட்டாள்.

இன்னொன்றும் அவள் பெற்றோருக்குச் சொல்வாள். "உங்க பிள்ளை பண்றத நான் ஒளிஞ்சிருந்து பாக்க மாட்டேன். எல்லாத் திரையும் நடு அறையப் பாத்துத்தான் இருக்கு. எல்லாரும் எல்லாரையும் பாக்கலாம். அதுக்கு மேல உளவு பாக்கிற வேலை என்கிட்ட கிடையாது." எங்கள் இப்போதைய தலைமையாசிரியர் ஓட்டோவுக்கு இது பிடிக்காது. எல்லாத் திரையையும் தன் மேசையிலிருந்தே பார்க்கிற மென்பொருளை வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. மில்கா இருக்கும்வரை வாய்திறக்க முடியவில்லை.

போன ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மில்காவுக்குத் திடப்படுத்தலின் பொன்விழா. பதினாலு வயதில் எங்கள் பிள்ளைகள் பலிபீடத்தின் முன் முழந்தாளிடுவார்கள்; போதகர் தலையில் கைவைத்து ஆளுக்கொரு பைபிள் வசனம் கொடுப்பார். அது சாகும்வரை அவரவர் சொந்த வசனம். கல்லறைக் கல்லிலும் அதையே பொறிப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து, மிஞ்சியிருப்பவர்கள் மறுபடி வந்து நிற்பார்கள், வசனம் மறுபடி வாசிக்கப்படும். என் பாடகர் குழு மாடத்திலிருந்து பாடியது. மில்கா நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு சின்னப் பெண் போல நின்றாள். நான் ஆர்மோனியத்தின் பின்னால் அழுதேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை மாலை, மில்காவின் பெயரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் செய்தி போனது. தண்ணீர்க் குழாய் வேலை நடப்பதால் நாளைக் காலை முதலிரண்டு பாடங்கள் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று இருந்தது. பிள்ளைகள் சொன்ன பேச்சைத் தட்டாமல் தூங்கினார்கள்.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை ஜெபத்துக்கு வட்டாரத் தலைமைப் போதகரை ஓட்டோ அழைத்திருந்தார். மாதக்கணக்காகக் கெஞ்சிக் கிடைத்த வருகை. அவர் வந்து பார்த்தால் பெஞ்சுகள் காலி. பாடகர் குழுவில் இரண்டே பையன்கள் வந்திருந்தார்கள், இருவரும் கட்டைக்குரல். நாங்கள் மூவரும் நான்கு குரல் பாட்டு ஒன்றைப் பாடினோம். அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

அன்றே ஓட்டோ மில்காவைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், மில்கா?"

"கடவுளுக்கும் எனக்கும்."

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அனுப்பிச்சிருக்கணும்" என்றார் ஓட்டோ. மனிதருக்கு நகைச்சுவை வருவது கோபத்தில் மட்டும்தான். "புதன்கிழமைக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலன்னா எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அந்தக் கண்காணிப்பு வந்துரும். உன் நம்பிக்கைய வச்சு நான் இனிமே தலைமைப் போதகர் முன்னாடி நிக்க முடியாது."

இத்தனை வருடம் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு போகப்போகிறது என்பதுதான் மில்காவைக் குத்தியது. ஆசிரியர் அறைக்கு வந்து காபியை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று முகம் வெளுத்துவிட்டது.

"யூதித், ஞாயித்துக்கிழம போதகர் என் வசனத்த வாசிச்சாரா?"

"வாசிச்சாரே. நல்லாத்தான் வாசிச்சார்."

"அதிகாரம், வசனம், நம்பரோடயா?"

"நம்பரோட, மைக்குல. ஏன்டி?"

அவள் நெற்றியை மேசையில் வைத்துவிட்டாள். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. போகும்போதும் வரும்போதும் காவல் இருப்பவரைப் பற்றிய, சங்கீதப் புத்தகத்து வசனம் அவளுடையது. காவலுக்கு அதைவிட நல்லது எது என்று அதன் எண்ணை முதல் நாளே கடவுச்சொல்லாக வைத்தவள், இருபது வருடமாக மாற்றவே இல்லை.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, சாவிய தொட்டிக்கடியில வச்சவ நீதானா?" என்றேன்.

"சிரி. நல்லா சிரி" என்றாள் மில்கா. "உன்னோடது என்ன?"

நான் சிரிப்பை நிறுத்தினேன். சுற்றிப் பார்த்தால் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கணித ஆசிரியர் சத்தமில்லாமல் எழுந்து தன் கணினிக்குப் போனார். வரலாறு அவர் பின்னாலேயே போனது. நானும் போனேன்.

ஓட்டோவிடம் சொன்னபோது, "பெரியவங்களுக்கு இதெல்லாம் பெரிசில்ல, வெளிய சொல்லாத, பொடிசுகள் உன்ன மதிக்காது" என்றாராம். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் மில்கா எழுந்து முன்னால் போனாள். பெஞ்சுகள் நிறைந்திருந்தன.

"அந்தச் செய்தி என் பேர்ல போச்சு. நான் அனுப்பல. ஆனா கதவ திறந்து போட்டது நான். என் பாஸ்வேர்டு என் வசனம். அத கோயில்ல எல்லாரும் கேட்டீங்க. நாலாவது விதிய நானே மீறிட்டேன். அதனால ஒரு மாசத்துக்கு நான் கம்ப்யூட்டரத் தொட மாட்டேன். உங்களுக்கு என்ன சட்டமோ அதுதான் எனக்கும்."

அனுப்பியது யார் என்று அவள் கேட்கவில்லை. அதை ஓட்டோ கேட்டார், குரலை உயர்த்தி. யாரும் முன்வரவில்லை.

கணினியைத் தொடாமல் கணினிப் பாடம் நடத்துவது எப்படி என்று செவ்வாய்க்கிழமை பார்த்தேன். என் அறை எதிரேதான், இரண்டு கதவும் திறந்திருந்தன. எட்டாம் வகுப்பு. மில்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பெரிய திரையில் காட்டுவதற்கு யாராவது அவளுடைய நாற்காலியில் உட்கார வேண்டும்.

"ஸோர்க்கா, நீ வா. இன்னிக்கு எனக்கு நீதான் விரல்."

ஸோர்க்கா என் குழுவில் பாடுகிறவள், நடுக்குரல், வாயாடி. பாடும்போது பக்கத்திலிருப்பவளை இடிக்காமல் அவளால் இருக்க முடியாது. அன்று சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையின் மேல் கையை வைத்தாள். உடனே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் தொடக் கூடாது, அத்தை."

"ஏன்? கையில ஜாம் ஒட்டியிருக்கா?"

"மூணாவது விதி."

பிறர் பெயரில் எழுதாதே என்பதுதான் மூன்றாவது விதி என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"எங்க அப்பாவும் அவர் வசனத்தத்தான் வச்சிருக்கார்" என்றாள் ஸோர்க்கா, மடியைப் பார்த்துக்கொண்டே. "அதனால திறக்குமான்னு சும்மா பாத்தேன். திறந்துருச்சு. திறந்தப்புறம் ஒண்ணும் பண்ணாம மூட மனசு வரல. கணக்குப் பரீட்சை வேற இருந்துச்சு. ஆனா நீங்க தொடக் கூடாதுன்னு ஆகும்னு நான் நெனைக்கவே இல்ல. அது என்னால தாங்க முடியல."

மில்கா திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். நானாக இருந்தால் கூரையைக் கிளப்பியிருப்பேன்; அந்த நான்கு குரல் பாட்டின் கணக்கு எனக்கு இன்னும் தீரவில்லை. மில்கா இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"சரி. உனக்கும் ஒரு மாசம். இங்க வந்து உக்காரு. அடுத்த விரல் யாரு?"

ஓட்டோவிடம் மாலையில் ஸோர்க்காவே போய்ச் சொன்னாள், அப்பாவையும் இழுத்துக்கொண்டு. மன்னிப்புக் கடிதத்தைக் கையாலேயே எழுதித் தலைமைப் போதகருக்கு அனுப்பினாள். கண்காணிப்புப் பேச்சு அதன்பின் எழவில்லை. "ஒளிஞ்சு பாத்திருந்தா எனக்கு அவ பேரு மட்டும்தான் கெடச்சிருக்கும்" என்று மில்கா சொன்னபோது, ஓட்டோ முக்காலியிலிருந்த தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது அவருடைய சம்மதம்.

அந்த ஒரு மாதம் இருவரும் கைகட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பள்ளியே வந்து வேடிக்கை பார்த்தது. வேலையில்லாத இரண்டு பேர் ஓயாமல் பேசினார்கள். தேனீ பற்றி, கணக்கு பற்றி, என்னைப் பற்றியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும்.

ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று எட்டாம் வகுப்பின் திடப்படுத்தல் வந்தது. நானும் மில்காவும் இரண்டாம் பெஞ்சில் இருந்தோம். ஓட்டோ எங்களுக்குப் பின்னால். பெற்றோர் சிலர் வசன எண்ணைக் கேட்டதும் மில்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களுக்கும் பாடம் ஏறியிருக்கிறது.

ஸோர்க்கா முழந்தாளிட்டாள். போதகர் அவள் தலையில் கையை வைத்து வாசித்தார். போகும்போதும் வரும்போதும் காவல் இருப்பவரைப் பற்றிய வசனம். மில்காவின் வசனம்.

எனக்கு முதலில் போதகர் தாளை மாற்றிவிட்டார் என்றுதான் தோன்றியது. வெளியே வந்ததும் ஸோர்க்காவைப் பிடித்தேன். "நானாத்தான் கேட்டேன், அத்தை" என்றாள். "அது இப்ப யாருக்கும் பாஸ்வேர்டு இல்லையே. சும்மாத்தானே இருக்கு."

ஆனால் அது பிறகு. வாசிக்கும்போது மில்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற அளவுக்கு. கன்னம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை.

"இருபது வருஷமா அத தினமும் காலைல தட்டிக்கிட்டே இருந்தேன், யூதித்" என்றாள் மெதுவாக. "இன்னிக்குத்தான் கேட்டேன்."