அஞ்சாம் நம்பர் டப்பா

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லாவின் காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டதாம். "ஐஸ்கிரீம் டப்பால ஊத்தினாளாம். புத்தியுள்ளவ செய்யுத காரியமா?" என்றாள் ஒருத்தி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோரோடும் சேர்ந்து 'ச்சே' என்று தலையை ஆட்டினேன்.

ஆனால் அங்கே அதற்குமேல் நிற்கவில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும். போன மாதம் இதே பக்கத்தில்தான் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கைப் பற்றி அளந்து விட்டிருந்தேன். பாட்டில் மூடி, அரிசிச் சாக்கு, கயிறு, சர்ச் ஹாலில் அடுக்கி வைத்திருக்கும் நாற்காலி — பலதும் அதுதான். லேசானது, தண்ணீரில் மிதக்கும், மடக்கி மடக்கித் திறந்தாலும் சட்டென்று ஒடியாது... டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அதுவே. 'பயமே வேண்டாம், சூடு தாங்கும்' என்று முடித்திருந்தேன்.

எவ்வளவு சூடு? எழுதவில்லை. தெரிந்தால் அல்லவா எழுத!

வீட்டுக்கு வந்ததும் தேடிப் படித்தேன். எழுதுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. கொதிக்கும் தண்ணீரை அது தாங்கும். தண்ணீர் கொதித்த பிறகு அதன் சூடு மேலே ஏறாது. எண்ணெய் அப்படியல்ல, அடுப்பு எரிய எரிய ஏறிக்கொண்டே போகும். பலகாரம் பொரித்த சூட்டோடு ஊற்றினால் இந்த பிளாஸ்டிக் இளகி உருகிவிடும். எண்ணெயை ஆறவிட்டு, ஸ்டீல் பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதை அன்றைக்கே எழுதியிருந்தால் ஒரு வரிதானே?

சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் மகளைப் பொழியூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கல்யாணம் முடிந்து வருகிற முதல் கிறிஸ்துமஸ். பெண்வீட்டிலிருந்து பலகாரம் போக வேண்டும், குறைந்தால் பேச்சு வரும். முந்திரிக்கொத்து பொரித்து முடித்தவள், மிச்சத் தேங்காய் எண்ணெயைச் சூட்டோடு டப்பாவில் ஊற்றித் தூக்கியிருக்கிறாள். அடிப்பாகம் கழன்று அத்தனையும் காலில்.

வலது காலில் பெரிய கட்டு. நெய்யாற்றின்கரையில் ஒரு தையல் கடையில் அவளுக்கு வேலை. மிஷினை மிதிக்கிற கால் அது. கிறிஸ்துமஸ் நேரமாயிற்றே, கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். புண் ஆறின பிறகு அந்த மிஷின் இவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

நான் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "எக்கா, நீங்க எழுதின மாதிரி அடியில நோக்கினேன். அஞ்சு உண்டு. எனக்க தப்பாக்கும், ஆறினதுக்கப்புறம் ஊத்தியிருக்கணும்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பேரை நான் ஆருட்டயும் சொல்லேல்ல, கேட்டியளா? வீட்டுக்காரருட்டகூட."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். காலையில் இவளை முட்டாளாக்கிய கூட்டத்தில் நானும் நின்றேன். இவளோ என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள்! வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தப்பு எனக்கதாக்கும் மக்கா. வாற ஞாயிறு சர்ச்சில எல்லாருட்டயும் சொல்லுவேன்" என்றேன். சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியாயிற்று.

"அது கிடக்கட்டும் எக்கா" என்று அவள் கட்டுப் போட்ட காலை மெல்ல நகர்த்தினாள். "புண்ணு வேகம் ஆற மேலுக்கு என்ன தேய்க்கலாம்? நீங்க நெறய வாசிக்குத ஆளில்லியா, ஒண்ணு சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில தந்ததை மட்டும் போடு மக்கா. நான் சொல்லுத ஒண்ணையும் போடாதே."

இத்தனை வருஷமாகப் பத்தி எழுதுகிறேன். நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனை இதுதான், அதுவும் எழுதாமல் வாயால் சொன்னது!