நைஸ் என்று சொல்லத் தெரிந்தவன்

இங்கிலீஷில் எனக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. ‘நைஸ்’. அந்தச் சொல் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். நான் அவனாக இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் இங்கிலீஷ் உபாத்தியாயரும் அந்தச் சொல்லை வெறுத்தார். சொல்ல ஒன்றும் இல்லாதவன் சொல்லும் சொல் என்பார். கட்டுரையில் யாராவது எழுதிவிட்டால் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி அடிப்பார். ஊரூர்க் குப்பத்தில் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. கட்டுமரம் ஓட்டுகிற என் நைனாவுக்குக் காற்று எப்படியோ எனக்கு உபாத்தியாயர் அப்படி. எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாரோ அந்தப் பக்கம் திரும்பினேன். சாயங்கால வானத்துக்கு ஒன்று, சங்கீதத்துக்கு ஒன்று, பெரிய மனிதர்களின் குணத்துக்கு ஒன்று என்று அகராதியிலிருந்து நீள நீளமான சொற்களாகப் பொறுக்கி மனப்பாடம் செய்தேன். பரீட்சைத் தாளில் ஓரிடத்திலாவது ‘நைஸ்’ வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல்தான் என்னை வரவேற்கும். “மொளகாய நைசா அரைடீ, தொண்டையில குத்தப் போவுது” என்று அம்மா என் தங்கையை அதட்டுவாள். மீன் தரகனைப் பற்றி நைனா, “நைசா பேசிக்கினே ஏமாத்திட்டான் பாரு” என்பார். நான் பணியாரத்துக்காக அம்மாவின் முந்தானையைப் பிடித்தால், “நைஸ் பண்ணாதே, போடா!” என்று கையைத் தட்டிவிடுவாள். ஒருநாள் அவளிடம், அது இங்கிலீஷ் சொல் என்று சொன்னேன்.

“இன்னாது? தொரைங்க பாசையா?” என்றாள். “போடா, அது நம்ம பாசை. தொரைக்கு இன்னா தெரியும் மொளகா அரைக்க?”

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் என் வகுப்புத் தோழன். வீடு மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே. அப்பா வக்கீல். அந்த வீட்டில் இங்கிலீஷ் என்பது படிக்கிற பாடம் இல்லை, பேசுகிற பேச்சு. அவன் தன் அக்காவோடு இங்கிலீஷில் சண்டை போடுவான், நாயை இங்கிலீஷில் திட்டுவான். அவனுடைய சட்டையைப் பார்த்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தோ நான் பொறாமைப்பட்டதில்லை. அதெல்லாம் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. இங்கிலீஷ் பேசும்போது அவன் வாயில் கற்கண்டு கரைகிற மாதிரி இருக்கும். எனக்கோ மீன் முள் மாட்டிக்கொண்ட மாதிரி. இலக்கணத்தில் அவனைவிட நான் எப்போதும் அதிக மார்க்கு. அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை. மற்ற பையன்கள் என் பக்கத்தில் உட்காரும்போது மூக்கைச் சுளிப்பார்கள். அவன் ஒருநாளும் சுளித்ததில்லை. அதற்காகவாவது அவனிடம் நன்றியோடு இருந்திருக்கலாம். ஆனால் சுளிக்காமல் இருப்பதுகூட அவனுக்குச் சுலபமாக வருகிறதே என்றுதான் எனக்கு இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவன் காலேஜில் சேர்ந்தான். நான் ஒவ்வோர் ஆபீஸாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் முன்னமே உட்கார்ந்திருந்தார். “இன்னும் எத்தினி நாளு சட்டை போட்டுக்கினு சுத்துவான்?” என்று நைனா என் காதில் விழும்படியே அம்மாவைக் கேட்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் லஸ் முனையில் துணிக்கடை வைத்திருந்த பாயின் வீட்டம்மா, மீன் கொண்டுபோன அம்மாவிடம் கேட்டாராம், “உன் மகனுக்கு இங்கிலீஷ் வருமாமே?” என்று. அடையாற்றுப் பாலம் தாண்டி வெள்ளைக்கார அம்மாள்கள் பாய் கடைக்கு வருவார்கள். திரைச்சீலை, மேஜை விரிப்பு, மல் துணி எல்லாம் வாங்குவார்கள். பாய் கையாலும் கண்ணாலும் பேசிச் சமாளித்து வந்தார். தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. அங்கே ஒரு பெரிய கடை திறக்கத் தீர்மானித்திருந்தார். தானும் கொஞ்சம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும், புதுக் கடையில் இங்கிலீஷ் பேசி வியாபாரம் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

“முதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார் பாய். “அதைப் பார்த்துட்டு, அந்த ஆளை வெளியில தேடணுமா வேண்டாமான்னு யோசிப்போம்.”

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். அது கிடைக்காவிட்டால் நைனாவோடு கட்டுமரம் ஏறுவதைத் தவிர வழியில்லை. எனக்குக் கடலைக் கண்டால் வாந்தி வரும். குப்பத்தில் பிறந்தவன் இதை வெளியில் சொல்லவும் முடியாது.

மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பாடம். பாய் என்னை ‘முன்ஷி’ என்று கூப்பிடுவார். வெள்ளைக்காரத் துரைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்களுக்குத்தான் அந்தப் பட்டம். என் தகப்பன் வயதுள்ள மனிதர், “உட்காருங்க முன்ஷி” என்று வெள்ளை விரிப்பைத் தட்டிக் காட்டும்போது எனக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிரும்.

பாய்க்கு ஏற்கெனவே தெரிந்த இங்கிலீஷ் சொல் ‘நைஸ்’தான். “இது நைஸ் மல், இது நடுத்தரம்” என்பார். அந்தச் சொல் கூடாது என்று முதல் நாளே தடுத்துவிட்டேன்.

“அப்ப நைஸ் துணியை என்னன்னு சொல்றது?”

“எக்ஸ்க்விசிட்.”

பாய் உதட்டைக் குவித்தார், பிறகு விரித்தார். “எஸ்கு… எஸ்குசட்டு…” நெற்றியில் வியர்த்துவிட்டது. “முன்ஷி, இதை நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா எதிர்க்கடைக்குப் போயிடுமே?”

நான் விடவில்லை. ஒருநாள் அகராதியையே தூக்கிக்கொண்டு போய் விளக்கினேன். ‘நைஸ்’ என்றால் நுட்பமானது. சின்ன வித்தியாசத்தையும் கண்டுபிடிக்கிறது. எதிலும் லேசில் திருப்திப்படாத ஆளையும் குறிக்கும். இப்போதோ கண்டதற்கெல்லாம் சொல்லி அதைப் பாழாக்கிவிட்டார்கள் என்றேன். பாய் கொட்டாவியை மரியாதையாகக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை நானே கெடுத்துக்கொண்டேன். சிநேகிதனைக் கடைக்கு அழைத்துப் போனேன். எதற்காக? பாய் என்னை முன்ஷி என்று கூப்பிடுவதை அவன் காதால் கேட்க வேண்டும். அவனுக்கு ஒருநாளாவது, ஒரு நிமிஷமாவது, என்னைப் பார்த்து வயிறு எரிய வேண்டும். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் உட்கார்ந்து திண்டில் சாய்ந்தான். அத்தனை நாளில் நான் ஒருமுறைகூட அந்தத் திண்டில் சாய்ந்ததில்லை. பாய் முகம் மலர்ந்து, “சாமிக்கு சோடா கொண்டா!” என்று கடைப்பையனை அனுப்பினார். பிறகு மெதுவாக என் தலையில் கல்லைப் போட்டார்.

“முன்ஷி ‘நைஸ்’னு சொல்லவே கூடாதுங்கறார். நீங்க என்ன சொல்றீங்க சாமி?”

அவன் சிரித்துவிட்டான். “எங்காத்துக்கு வர துரைகள் எல்லாம் அதைத்தான் சொல்லிண்டிருக்கா. அதை விட்டா அவாளுக்கு வேற வார்த்தையே கெடையாது பாய்! சொல்ற விதம்தான் விஷயம். இருங்கோ.”

எழுந்து நின்றான். ஒரு மல் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, குடை இருப்பதாகக் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைக்கார அம்மாளாகிவிட்டான். கடை ஆட்கள் மடிப்பதை விட்டுவிட்டுச் சுற்றிக் கூடினார்கள்.

“இப்பப் பாருங்கோ. ‘நைஸ்’னு வெடுக்குனு சொல்லிட்டுக் கீழ வெச்சுட்டாள்னா வேண்டாம்னு அர்த்தம். நீங்க வாயைத் திறக்காம மடிச்சு உள்ள வெச்சுடுங்கோ. ‘நை…ஸ்’னு இழுத்துண்டே ரெண்டாந்தரம் தொட்டுப் பாத்தாள்னா, விலை மட்டும்தான் பாக்கி. ‘வெரி நைஸ் ஆஃப் யூ’ன்னா அது துணிக்கு இல்லே, உங்களுக்கு.”

“எனக்கா!” என்று பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷப்படாதேங்கோ. ‘நாட் வெரி நைஸ்’னு சொன்னாள்னா?”

“துணி மட்டம்?”

“உங்களை அயோக்கியன்கறாள்.”

கடையே குலுங்கியது. பாய் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என்னிடம் ஒருநாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. இதெல்லாம் எந்த அகராதியில் இருக்கிறது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். “கொஞ்சம் இருங்க முன்ஷி” என்று பாய் கையமர்த்திவிட்டார்.

அந்தச் சமயத்தில்தானா வர வேண்டும்! அடையாற்றிலிருந்து வழக்கமாக வரும் வயதான வெள்ளைக்கார அம்மாள், நம் ஊர்ப் பெண்கள் மாதிரிப் புடவை கட்டி, செருப்பும் குடையுமாகக் கடைப்படி ஏறினார். பாய் ஒரு பச்சைத் திரைச்சீலையை விரித்தார். அம்மாள் தொட்டுப் பார்த்து, “நைஸ்” என்று சுருக்கமாகச் சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார். பாய் மூச்சு விடாமல் அதை மடித்து ஒதுக்கினார். வேறொன்றை, வெண்மையில் சின்னச் சின்ன நீலப்பூ போட்டதை, உதறி விரித்தார்.

நான் எழுந்து நின்றேன். முந்தின நாள் ராத்திரி பூராவும் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். “பெர்மிட் மீ, மேடம், டு ரெகமெண்ட்…” என்று தொடங்கினேன்.

“ஓ, நை…ஸ்” என்றார் அம்மாள், துணியை இரண்டாம் முறை தொட்டுக்கொண்டே.

பாய் என் சிநேகிதனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவன் கண்ணைச் சிமிட்டினான். என் வாக்கியம் முடிவதற்குள் கத்திரி ஓட ஆரம்பித்துவிட்டது. அம்மாள் என்னைப் பார்த்து அன்போடு தலையசைத்தார். நான் விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு எனக்கும் சோடா வந்தது. அதே சோடாதான்.

இரண்டு நாள் கழித்துப் பாடத்துக்குப் போனபோது பாய் புத்தகத்தைத் திறக்கவில்லை.

“முன்ஷி, ஓர் உபகாரம் செய்யணும். அந்த சாமி புதுக் கடைக்கு வருவாரா? சம்பளம் அவர் கேக்கிறபடி. நான் நேரா போய்க் கேட்டா மரியாதையா இருக்காது. நீங்க சிநேகிதர், நீங்க கேட்டுச் சொல்லுங்க.”

“கேட்டுச் சொல்றேன் பாய்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

லஸ்ஸிலிருந்து அவன் வீடு கூப்பிடு தூரம்தான். நான் கோயிலைச் சுற்றி, கச்சேரி ரோடு வழியாக, தெரிந்த சந்தெல்லாம் நுழைந்து போனேன். அவன் சரி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்துகொண்டே நடந்தேன். அவன் சரி என்றால் எனக்குக் கட்டுமரம்தான். போகாமலே இருந்துவிட்டு, அவன் மாட்டேன் என்றுவிட்டான் என்று பாயிடம் சொல்லியிருக்கலாம். அது என் புத்தியில் தோன்றாமல் இல்லை. ஆனால் அவன் என்ன சொல்லுவான் என்று தெரிந்துகொள்ளும் வெறி அதைவிடப் பெரிதாக இருந்தது.

வழக்கம்போல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“கடையிலயா? நானா?” என்றான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “அக்கா! கேட்டியா? நேக்கு வேலை கெடச்சுடுத்து! பாய் கடையில துணி கிழிக்கற வேலை!” என்று கத்தினான். உள்ளே இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவனும் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். எந்த வேலைக்காக நான் மருந்தீஸ்வரர் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேனோ, அது அந்த வீட்டில் சாயங்காலப் பொழுதுபோக்காகிவிட்டது.

“அப்பா தோலை உரிச்சுடுவார்டா” என்றான். அப்புறம்தான் திடீரென்று தோன்றியவன் போல, “ஏண்டா, நீ போயேன்? நன்னா பண்ணுவே. நான் வேணா பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்” என்றான்.

“வேணாம். நானே சொல்லிக்கறேன்.”

அவன் வரமாட்டான் என்று மறுநாள் பாயிடம் சொன்னேன். பாய் பெருமூச்சு விட்டார். “தங்கமான பையன். சரி, அல்லா எப்படி வெச்சிருக்கானோ.” வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடினார். “அப்ப நீங்களே வந்துடுங்க முன்ஷி.”

வேலை கிடைத்துவிட்டது. வெளியில் வந்து டிராம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நான் படித்த இங்கிலீஷ் சொல் எதுவும் வாங்கித் தராத வேலையை அந்த ‘அப்ப’ வாங்கித் தந்தது. அந்த ‘அப்ப’ இல்லாமல் அந்த வாக்கியத்தைக் கேட்க என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்திருப்பேன்.

புதுக் கடைக்கு வந்து இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. வேலையைச் சரியாகத்தான் பார்க்கிறேன். வருகிற அம்மாள் எந்தத் துணியை எடுப்பாள் என்று அவள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும். நானும் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, அந்தச் சொல்லைச் சொல்கிறேன். பாய் காதில் விழுந்தால், “ஆஹா, அந்த சாமி சொன்ன மாதிரியே!” என்பார். மெச்சித்தான் சொல்கிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவன் மேல்படிப்புக்குச் சீமைக்குப் போய்விட்டான். அங்கே போயும் எனக்கு மறக்காமல் படம் போட்ட கார்டு அனுப்புகிறான்.

போன வெள்ளிக்கிழமை கடை அடைத்து வீட்டுக்குப் போனேன். திருவான்மியூரிலிருந்து குப்பத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“கடைக்காரரு வூட்டாண்ட வந்துட்டாரும்மா. ஜட்கா வண்டியில! வந்து நின்னுக்கினு, ‘உம்புள்ளய அனுப்பு, அவன் இல்லாங்காட்டி நான் கடையே தொறக்க மாட்டேன்’னு சொல்லிட்டாரு. எத்தினியோ ஐயருவூட்டுப் புள்ளைங்க வந்து கெஞ்சிக்கினு கீதுங்க, வேணாம்னுட்டாரு.”

“அய்ய, மெய்யாலுமா?” என்றது அந்தப் பெண்.

“பின்ன? அவனையே கேளு. இன்னாடா, நான் சொல்றது சர்தானே?”

பாய் எங்கள் வீட்டுப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் முகத்தில் பொய் சொல்கிற சாயல் கொஞ்சமும் இல்லை. பாய் வண்டியில் தேடி வந்து முதல் ஆளாகக் கூப்பிட்ட, கெஞ்ச வேண்டியிராத அந்தப் பையனை அவள் கண்ணால் பார்த்தவள் மாதிரியே பேசினாள். அம்மாவின் கதையில் வந்த அவன்மேலும் எனக்கு வயிறு எரிந்தது.

“சர்தாம்மா” என்றேன்.

“கேட்டுக்கினியா?” என்று அம்மா அந்தப் பெண்ணின் தொடையில் தட்டினாள். “வண்டியில வந்தவரு, உள்ள வான்னா வர மாட்டேன்றாரு…”

நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, அவர்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, மேலே என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.