ஐ எங்கே, மீ எங்கே

ஊரில் யாருமே பேசாத ஒரு மொழியில், யாருக்குமே நஷ்டமில்லாத தப்புகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துக் கை வீங்குவதுதான் இங்கிலீஷ் டீச்சர் உத்தியோகம். அதிலும் 'ஐ', 'மீ', 'ஹீ', 'ஹிம்' என்று வேற்றுமை சொல்லிக்கொடுக்கும் வாரம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். செய்கிறவர் 'ஐ', செய்யப்படுகிறவர் 'மீ'. தமிழில் நான், என்னை. அவ்வளவுதான் விஷயம். "நானை அடிச்சுட்டான்" என்று எந்தக் குழந்தையாவது அழுது பார்த்திருக்கிறீர்களா? ஆனால் இங்கிலீஷில் எழுதச் சொன்னால் பத்தாவது படிப்பவன்கூட "ஹீ பீட் ஐ" என்றுதான் எழுதுவான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேலம் ஜில்லாவில் இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிய டீச்சர்கள் நாம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒத்த எழுத்து

பி.எட். முடித்ததும் ஓமலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக வேலை. அந்த வருஷக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அப்போது இன்ஸ்பெக்ஷன் வந்தது. அதிகாரி என் வகுப்பில் ஒரு பெண்ணைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துத் தட்டச் சொன்னார். "ஹூ இஸ் தேர்?" என்று இவர் கேட்க, அவள், "இட் இஸ் ஐ, சார்" என்றாள். அவர் இடி இடியென்று சிரித்துவிட்டு, "இட் இஸ் மீ என்றுதான் சொல்ல வேண்டும். எந்த முட்டாள் உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டு அவளைப் பெஞ்சு மேல் ஏற்றினார்.

அந்தப் பெண் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள். பெஞ்சு மேலிருந்து என்னைப் பார்த்தாள். நான் பாடப் புத்தகத்தைத் திறந்து, "பேச்சில் நீங்கள் சொல்வதுபோல் சொல்வார்கள் சார். ஆனால் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது, பரீட்சையிலும் இதற்குத்தான் மார்க்" என்றேன். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பெண் கீழே இறங்கினாள், நான் வெளியே போனேன். 'மேலதிகாரிகளிடம் பணிவு போதாது' என்று அவர் எழுதிவிட்டுப் போன பிறகு என்னை வைத்துக்கொள்ளத் தாளாளருக்குத் தைரியமில்லை. கடைசி நாள் அவர் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்: "ஒத்த எழுத்துக்காக வேலைய உட்டுப்போட்டீங்களே டீச்சர்!"

மாடிப்படிக்கு மேலே

அப்புறம் சங்ககிரியில் ஒரு டுடோரியல். கீழே லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மேலே நாங்கள். நடத்தியவர் அதற்கு முன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். பிரின்சிபால் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். மாடிப்படிக்கு மேலே பெரிய போர்டு. 'பிட்வீன் யூ அண்ட் ஐ, நோ ஃபெயிலியர்' என்று மஞ்சள் எழுத்தில், லாரிக்கு எழுதுகிற பெயிண்டரின் கைவண்ணம்.

'பிட்வீனு'க்குப் பின்னால் 'ஐ' வராது, 'மீ'தான் வரும் என்று நான் உள்ளே பாடம் நடத்துவேன். பையன்கள் ஜன்னல் வழியாகப் போர்டைக் காட்டுவார்கள். டெஸ்டில் மார்க் குறைத்தால், "போர்டுல அப்படித்தானுங்க இருக்குது" என்று சண்டைக்கு வருவார்கள். பொறுக்க முடியாமல் பிரின்சிபாலிடம் போய், ஒரே ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, ரொம்ப நேரம் யோசித்தார். "நல்லா அமைஞ்சிருச்சுங்க டீச்சர், இனி அதுல கை வெக்கக் கூடாது. நீங்க இலக்கணத்தக் கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

ரெண்டு பேரும் ஹீ

காலையில் பேச்சு ஆங்கில வகுப்பு ஒன்று உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியின் முதலாளி ஒருவர் வந்து சேர்ந்தார். வடக்கே போர் போடப் போகிற இடத்தில் ஆபீசர்களோடு பேச வேண்டும். நல்ல மனுஷர், மரியாதையாகப் பேசுவார், நேரத்துக்கு வருவார். 'ஹீ'க்கு 'அவன்' என்று சொன்னதும் சங்கடப்பட்டார். "அவிங்கன்னு மரியாதையாச் சொல்றதுக்கு என்னங்க டீச்சரம்மா?" அதற்கும் 'ஹீ'தான் என்றேன். "கலெக்டருக்குமுங்களா?" கலெக்டருக்கும் என்றேன். சிரித்துவிட்டார்.

அதே பெஞ்சின் மறுகோடியில் பழனி என்று ஒருவன். ரயில்வே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா இவர் தோட்டத்தில் பண்ணையத்து ஆள் என்பது எனக்குத் தெரியாது. பாடத்தை விளக்க, முதலாளியைக் காட்டி, "ஹீ இஸ் மை ஸ்டூடன்ட்" என்றேன். பழனியைக் காட்டியும் அதையே சொன்னேன். பழனி தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி நோட்டை மூடிவைத்தார். வகுப்பு முடிந்ததும் பிரின்சிபாலைப் பார்த்தார். மறுநாள் பழனியை மத்தியான வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானம் அவனுக்கு மில்லில் ஷிஃப்ட், அதோடு நின்றுவிட்டான். நான் போய்ச் சண்டை போட்டேன். முதலாளி கோபப்படவே இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "இங்கிலீசுல வேணா ரெண்டு பேரும் ஒண்ணா இருந்துக்கறமுங்க டீச்சரம்மா. பெஞ்சுல வேண்டாமுங்க."

திருப்பிப் போட்டால்

அதே டுடோரியலில் படித்த சரசு இடைப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் வீட்டில் விசைத்தறி. பத்தாவதில் இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது. அதைப் பாஸ் பண்ணினால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். தறியை விட்டுவிட்டு வருகிறாள் என்று வீட்டில் தினமும் சண்டை. ஒருநாள் கன்னம் வீங்கி வந்தாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் அன்று நடத்த வேண்டியிருந்தது செயப்பாட்டு வினை. புத்தகத்தில் இருந்த உதாரணமோ, 'ஹீ பீட்ஸ் மீ'.

மாற்றலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவளே எழுந்து கரும்பலகையில் எழுதிவிட்டாள்: 'ஐ ஆம் பீட்டன் பை ஹிம்.' ஒரு பிழை இல்லை. 'மீ' 'ஐ' ஆகி முன்னால் வந்திருந்தது, 'ஹீ' 'ஹிம்' ஆகிக் கடைசிக்குப் போயிருந்தது. "ரொம்ப சரி" என்றேன். அவள் சாக்பீசைக் கீழே வைக்காமல் தான் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கேலியாக இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டாள்: "திருப்பிப் போட்டாலும் அடி எனக்குத்தானுங்களே டீச்சர்?"

ரிசல்ட் அன்று

சரசு பாஸ். செய்தித்தாளில் நம்பரைப் பார்த்துவிட்டுப் புருஷனோடு வந்தாள். அவன் இனிப்புப் பொட்டலத்தை நீட்டினான். பார்க்க அடிக்கிற ஆள் மாதிரியே இல்லை. ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பால்வாடி வேலையைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். சரசு கண்ணால் வேண்டாம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஆசப்பட்டா, பாஸ் பண்ணிட்டா. இனித் தறியில ஒழுங்கா உக்காரச் சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னாக் கேப்பா."

நான் சொல்லவில்லை. "சரசு, மனுப் போட இந்த மாசம்தான் கடைசி" என்று அவன் முன்னாலேயே சொன்னேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவளைப் படியில் இறங்கச் சொல்லிவிட்டுத் தானும் இறங்கினான். அன்று சாயங்காலமே ஆட்களோடு வந்து கத்திவிட்டுப் போனான். பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "பாஸ் பண்ண வெக்கறதோட நம்ம வேல முடிஞ்சுதுங்க டீச்சர். அவிங்க ஊட்டுக்குள்ள எதுக்குப் போறீங்க?"

பஸ் ஸ்டாண்டில்

சில வருஷம் கழித்துச் சேலம் பஸ் ஸ்டாண்டில் யாரோ பின்னாலிருந்து "டீச்சர்!" என்று கூப்பிட்டார்கள். சரசு. இடுப்பில் பெண் குழந்தை, தோளில் பை. ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருக்கிறாளாம். குழந்தையோடு வந்து நின்றவளை அப்பா வீட்டில் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். மாட்டுக் கொட்டகையை ஒட்டின அறையைக் கொடுத்தார்களாம். இப்போதும் அந்த அறைதான். ஊரில் நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. இதையெல்லாம் பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் இன்னும் அப்படியேதான் இருக்கிறாரா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அவரு கை இன்னமும் ஓங்கிக்கிட்டுத்தான் இருக்குதுங்க டீச்சர். நாந்தான் அங்க இல்லீங்க."

இத்தனை வருஷம் நான் கத்தியும் 'ஐ' எங்கே வரும், 'மீ' எங்கே வரும் என்று என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது. அடிப்பது யார், படுவது யார் என்பதை மட்டும் அவர்கள் என்னிடம் வருவதற்கு முன்பே பிழையில்லாமல் படித்துவிட்டிருந்தார்கள்.