மணிக்கட்டுக்குள் ஒளித்த வயது

போன வருடம் ஆகஸ்டு பிறந்த மூன்றாம் நாள் கால்பந்து அகாடமியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஜனவரி முதல் தேதிக் கணக்கில் பதிமூன்று வயதுக்குட்பட்ட அணிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மணிக்கட்டு எக்ஸ்ரே. வளையல், கயிறு எதுவும் வேண்டாம், வெறுங்கையோடு வரவும். எலும்பைப் பார்த்தால் வயது தெரிந்துவிடுமாம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்பான சபையாரே, என் பாவத்திலிருந்தே தொடங்குகிறேன். என் மகள் ஜெனி கோல்கீப்பர். செம்பாக்கம் ஏரிக்கரை மண்ணில் ஆறு வயதிலிருந்து பந்துக்குப் பாய்கிறவள். மாநில அணிக்கு ஆட வேண்டும், வேறு ஆசை கிடையாது. கேளம்பாக்கம் பக்கத்து அகாடமியில் சேர்த்தபோது அவள் பிறப்புச் சான்றிதழில் ஒரு வருடத்தைக் குறைத்துக் கொடுத்தேன். அதற்கென்று ஓர் ஆள் இருந்தான். சின்னவர்களோடு ஆடினால் இவள் உயரமாகத் தெரிவாள், சீக்கிரம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு கீப்பர் சிறுமியின் முகத்தை நான் ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை.

பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பந்து இல்லாத ஜெனியை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் முழுக்க மழை பெய்யாத கறுப்பு வானம். பக்கத்து விமானப்படைத் தளத்து விமானங்கள் தாழப் பறந்தன. ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜெனி தோசையைப் பிய்க்கும்போது அவள் மணிக்கட்டையே பார்த்தேன். தோலுக்கடியில் அந்தச் சின்ன எலும்புகள் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன. எனக்கு விரோதமாக வளர்ந்தன. கர்த்தாவே, படம் மங்கலாக விழட்டும் என்று ஜெபித்தேன். மிஷின் பழுதாகட்டும் என்றும் ஜெபித்தேன்.

பக்கத்தில் என் மனைவி மெர்சியும் முழங்காலில் இருந்தாள்.

"நீ என்ன ஜெபம் பண்றே?"

"வெளிய வரட்டும்னு."

"எது?"

"நீங்க ஒளிச்சு வெச்சது. செவ்வாய்க்கெழமைக்கு முன்னாடி."

ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மேலே போயின.

நடுவில் ஞாயிறு வந்தது. நம் சபையில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிறந்தநாள்காரர்கள் முன்னால் போவது உங்களுக்குத் தெரியும். ஜெனி ஆகஸ்டில் பிறந்தவள். முந்தின வருடம் அவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வராமல் இருந்தோம். அவளுடைய கோச் டேவிட் சார் இங்கே கடைசி வரிசையில் உட்காருகிறவர், அதனால்தான். இந்த முறை மெர்சி விடவில்லை.

படியேறும்போது ஜெனியின் காதில் சொன்னேன்: "கேட்டா பதிமூணுன்னு சொல்லு."

பாஸ்டர் மைக்கை நீட்டினார். "எத்தனாவது பொறந்தநாள்மா?"

ஜெனி மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம அக்காமாருங்கதான் வயசு சொல்ல மாட்டாங்க. நீயுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. மைக் வாயருகே இருப்பதை மறந்து கேட்டாள்:

"அப்பா, இங்க எந்த வயசு சொல்லணும்?"

சிரிப்பு நின்றது. என் பிள்ளைக்கு அவள் வயதே தெரியாதபடி செய்துவிட்டேன் என்று அப்போதுதான் கண்டேன். எழுந்தேன். கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.

"பதினாலு. சர்டிபிகேட்ல பொய் எழுதிக் குடுத்தது நான் சார். அவ இல்ல."

ஆராதனை முடிந்து, செருப்பு விடும் இடத்தில் டேவிட் சார் நின்றிருந்தார். "அண்ணா, அவளை அந்த டீம்ல இனிமே வெக்க முடியாது. அகாடமில வெச்சுப்பாங்களான்னும் தெரியல. நீங்களா வந்து சொன்னீங்கன்னு மட்டும் எழுதித் தரேன்."

மூன்று மாதம் ஜெனியை மைதானத்துக்குள் விடவில்லை. அதில் பாதி நாள் அவள் என்னோடு பேசவும் இல்லை. பிறகு கூப்பிட்டார்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட அணியில், பெஞ்சில்.

"இங்க நான்தான்பா பொடிசு. நேத்து பிராக்டீஸ்ல அஞ்சு கோல் விட்டேன்," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மாநில அணி கிடைக்குமா, தெரியாது. ஆனால் இன்று காலை பாஸ்டர் மைக்கை நீட்டுமுன் "பதினஞ்சு!" என்று அவள் கத்தியதை நீங்களே கேட்டீர்கள்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று தோலுக்கடியில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கலாம். அதை மறைத்துத் தரும்படி அவரிடம் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை வருமுன், வெறுங்கையோடு அவரிடம் போங்கள்.