ஆளில்லாத படகில் ஓடிய மோட்டார்

அண்ணன் தனியாக வலை எடுக்கப் போன நாளில் படகு மட்டும்தான் திரும்பக் கிடைத்தது. கடலூர் துறைமுகத்துக்கு இழுத்து வந்து உப்பனாற்றில் கட்டினார்கள். அதன்பிறகு ஒருவரும் அதில் கால் வைக்கவில்லை. உடல் கிடைக்காதவன் படகு, அவனே வந்து தண்ணீர் இறைக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மழைத் தண்ணீரும் கசிவும் சேர்ந்து படகு நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனது. "படகு முழுகுனா அவுரும் முழுகிட்டாருன்னு அர்த்தம். அதுவரிக்கும் நான் நம்ப மாட்டேன்" என்று அண்ணி சொல்லிவிட்டார். நெற்றிப் பொட்டை அவர் எடுக்கவில்லை.

எனக்குக் கடல் ஆகாது. அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்கு வயரிங் பார்க்கிறவன். ஆனாலும் படகைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. இறைக்க ஆள் வராது என்றால் தானாக இறைக்கிற மோட்டார் வைக்க வேண்டியதுதான். சிதம்பரத்தில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று சுவிட்சு போட்டால் ஓடுவது. இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் அது எழும்பி மோட்டாரை ஓடவிடும், வற்றினால் படுத்து நிறுத்திவிடும்.

"ஆளே வாணாம் சார், அதுவே பாத்துக்கும்" என்றார் கடைக்காரர். அன்றைக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

ஞாயிறு காலையில் போய், பின்பக்கத் தட்டுக்குக் கீழே தண்ணீர் சேரும் பள்ளத்தில் மோட்டாரைத் திருகினேன். பேட்டரியைப் பலகைமேல் ஏற்றிக் கட்டி, குழாயை வெளியே விட்டேன். முட்டிவரை தண்ணீரில் குனிந்திருந்தபோது யாரோ பின்னால் நிற்பதுபோல் முதுகு கூசியது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என்னையே திட்டிக்கொண்டேன். புது மோட்டார் ஆயிற்றே என்று கற்பூரம் காட்டி, பேட்டரி பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். வயரைக் கொடுத்ததும் மோட்டார் உறுமி, இருந்த தண்ணீரையெல்லாம் ஆற்றில் துப்பிவிட்டு நின்றது.

அடுத்த வாரம் அண்ணி போன் செய்தார். "தம்பி, தெனம் பதினோரு மணிக்கு மோட்டார் ஓடுது. ஆனா தண்ணி வரல."

மழையே இல்லை. பதினோரு மணி, அண்ணன் கரை திரும்பும் நேரம்.

போய் நின்றேன். நல்ல வெயில். எங்கள் படகு காலியாகக் கிடந்தது. கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாக ஆற்றுக்குள் நுழைந்தன. உர்ர் என்று எங்கள் படகுக்குள் மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அண்ணன் தண்ணீர் இறைப்பதும் அப்படித்தான், நாலு வீச்சு வீசி ஒரு மூச்சு விடுவார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள்.

"அவுருதான் எறைக்கிறாரு" என்றார் அண்ணி. முகத்தில் பயமே இல்லை. பயம் எனக்குத்தான். தண்ணீர் இல்லாமல் மிதவை எழும்பாது என்று தெரிந்தவன் என்பதால் இன்னும் ஜாஸ்தி.

படகில் ஏறித் தட்டைத் தூக்கினேன். பேட்டரி பக்கத்தில் நான் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்து மிதவைக்கு அடியில் கிடந்தது. உள்ளே வரும் படகுகள் கிளப்பிய அலையில் எங்கள் படகு ஆட ஆட, பழம் உருண்டு உருண்டு, மிதவையைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தது. வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். கரையில் அண்ணி ஒரு பக்கமாகக் காதைச் சாய்த்து நின்றிருந்தார். பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினேன், சொல்லாமலே அண்ணியோடு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாளும் அண்ணி வந்தார். நானும் அதே சட்டையோடு நின்றேன், பழம் பையிலேயே இருந்தது. படகுகள் வந்தன. எங்கள் படகு அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. கடைசிப் படகு உள்ளே வரும்வரை அண்ணி காத்திருந்தார்.

"போயிட்டாரா தம்பி?"

பழத்தை எடுத்துக் காட்ட ஒரு நொடி போதும்.

"போயிட்டாரு அண்ணி" என்றேன்.

முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். வேர்வை என்று நினைத்தேன். கையை எடுத்தபோது பொட்டு இல்லை.